அட்டைப்படத்தில் அப்பாவின் கை

எங்கப்பாவின் வலது கையை எந்தக் கூட்டத்திலும் என்னால் அடையாளம் காட்ட முடியும். ஆள்காட்டி விரலுக்கு நுனி கிடையாது. நகம் இருக்க வேண்டிய இடத்தில் தோல் சுருங்கி முடிச்சுப் போட்ட மாதிரி மூடியிருக்கும். கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வெளுத்த தழும்பு ஒன்று ஓடும். அந்தக் கையை என் அலுவலகத்தில், ஒரு பெண்ணின் டிபன் பைக்குப் பக்கத்தில், ஒரு நாவலின் அட்டையில் பார்த்தேன். அது ஒரு பெண்ணின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கோயமுத்தூரில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் வரைபடப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அது மத்தியானச் சாப்பாட்டு நேரம். பக்கத்து மேசைக்காரப் பெண்மணி கை கழுவப் போயிருந்தார். புத்தகம் மேசையில் கிடந்தது. அட்டை முழுக்கக் கறுப்பு. மேல் மூலையிலிருந்து ஒரு வெளிச்சம் சாய்வாக இறங்கி அந்தக் கையின் மேல் மட்டும் விழுந்திருந்தது. நரம்புகள் கயிறு கயிறாக எழுந்து நின்றன. ஆணுக்கு முகம் இல்லை, மணிக்கட்டுக்கு மேல் அவன் கறுப்பில் கரைந்துபோயிருந்தான். பெண்ணுக்குப் பாதி முகம் இருந்தது. அவள் கண்கள் திறந்து நேராக நம்மைப் பார்த்தன. நடுவிரலில் கறுப்புக் கல் வைத்த மோதிரம். எங்கப்பா வாழ்நாளில் மோதிரம் போட்டவர் அல்ல. மோதிரத்தைத் தவிர மற்றதெல்லாம் அவர்தான்.

அவர் திரும்பி வந்து, ஏனுங்க அதை அப்படி முறைக்கிறீங்க என்று கேட்டார். நல்ல மனசுக்காரர், கூச்சமில்லாமல் பேசுவார். கதை சுமார்தான், அட்டைக்காகவே வாங்கினேன் என்றார். படித்து முடித்த பிறகும் பையிலேயே வைத்திருக்கிறாராம், பஸ்ஸில் எடுத்து எடுத்துப் பார்ப்பாராம். பிறகு அந்தக் குறைந்த விரலைத் தொட்டுக் காட்டினார்.

"இத எடிட்டிங்ல முழுசாக்காம அப்படியே உட்டிருக்காங்க பாருங்க. அந்த வெரல்லயே அவனுக்கு ஒரு கதை இருக்குதுங்க."

என்ன கதை என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும். அவளுக்காக எவன்கூடவாச்சும் சண்டை போட்டிருப்பான்."

எனக்குத் தெரியும். அது தறியின் பெல்ட்டில் சிக்கிப் போன விரல். அப்போது நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். புண் ஆற வேண்டும் என்று அம்மா என்னை அவிநாசிக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், சாமியைக் கும்பிட்டுக்கோ கண்ணு என்றாள். ஆறவே கூடாது என்று நான் கண்ணை இறுக்க மூடிக் கும்பிட்டேன். கையில் கட்டு இருந்தவரை எங்கள் வீட்டில் அடி விழவில்லை. புண் ஆறியது. அதன் பிறகு அந்த விரலைப் பற்றி எனக்குச் சொல்ல எந்தக் காதல் கதையும் இல்லை.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. புத்தகத்தைத் திருப்பி உள்பக்கம் பார்த்தேன். அட்டை வடிவமைப்பு என்ற இடத்தில் என் தங்கச்சியின் புனைபெயர் இருந்தது.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எனக்குப் பின்னால் அவள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு அவிநாசியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் கணினி வேலைக்குப் போனாள். பிள்ளையாரையும் வாழைமரத்தையும் இடம் மாற்றி மாற்றி வைத்துச் சலித்துப்போய், வீட்டில் இருந்தபடியே இணையத்தில் எழுதும் பெண்களின் நாவல்களுக்கு அட்டை செய்யத் தொடங்கினாள். நிலா, கொலுசு, மழைத் துளி என்று ஏதோ செய்துகொண்டிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தக் கை என்ன செய்தது என்று எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. அம்மா சொன்னதில்லை, நாங்கள் சொன்னதில்லை, ஊர் சொன்னதில்லை. ஒருநாளாவது, ஒருவராவது, பகல் வெளிச்சத்தில் நின்றுகொண்டு, அம்மாவின் காதில் விழும்படி அதைச் சொல்ல வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே எனக்குள் கிடக்கும் ஆசை. அது நடப்பதற்குள் இந்த அட்டையைச் செய்தவர்களும் வாங்கினவர்களும் முந்திக்கொண்டார்கள். அடித்த கை என்று சொல்லப்படுவதற்கு முன்பே அது அழகான கை ஆகிவிட்டது. அன்று எனக்கு ஏறிய கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. இறக்கி வைக்கவும் எனக்கு இஷ்டமில்லை.

சாயங்காலம் காந்திபுரத்தில் இறங்கி, நான் தங்கியிருக்கும் அறைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்காமல், துணிக்கடைக்கு மாடியில் இருக்கும் புத்தகக் கடைக்கு ஏறிப் போனேன். அந்த வகை நாவல்களுக்குத் தனி அலமாரியே வைத்திருக்கிறார்கள். அலமாரி மொத்தமும் கறுப்பு, அதில் அங்கங்கே ரத்தச் சிவப்பு, தங்க எழுத்து. முள்ளோடு ரோஜா. ரோஜாவைச் சுற்றிய பாம்பு. கிரீடம் வைத்த மண்டை ஓடு. விலங்கு மாட்டிய வளையல் கை. தமிழ் நாவல்களில் கோட்டுப் போட்ட வெளிநாட்டு ஆண்கள், தாடையோடு வெட்டப்பட்டவர்கள். பெண்களுக்கு மையிட்ட கண்ணில் ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர், மை மட்டும் கலையாது.

கல்லூரிப் பெண்கள் அந்த அலமாரிக்கு முன்னால் நின்றிருந்தார்கள். பின்னட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் படிக்கவே இல்லை. எடுத்து, தடவி, சாய்த்துப் பார்த்தார்கள். அட்டை மங்கலாகவும் எழுத்து மட்டும் புடைத்து மினுங்கும்படியும் அச்சடித்திருந்தார்கள். விரல் தானாக அதன் மேல் போகிறது. என் விரலும் போனது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கூட்டியது. ஒரு கழுத்தை நெரிக்கும் படத்தை இவ்வளவு வழவழப்பாகச் செய்ய முடியும் என்றால், அதைத் தொட வேண்டும் என்று எனக்கே தோன்றும் என்றால், யாரைக் குறை சொல்வது. மறுநாள் காலையில் தலை சீவும்போது முடிவேர் வலிப்பதை எந்த அட்டையும் காட்டுவதில்லை. காதில் தோடு போட முடியாமல் வீங்கியிருப்பதைக் காட்டுவதில்லை. இட்லி ஊற்றியாக வேண்டும் என்பதைக் காட்டுவதில்லை. கை கழுத்துக்கு வந்து சேரும் அந்த ஒரு நொடியோடு வெளிச்சத்தை அணைத்துவிடுகிறார்கள்.

பஸ்ஸில் உட்கார்ந்து, தங்கச்சி அந்த அட்டையை வெளியிட்ட பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். கீழே வரிசையாக இதயங்கள், தீப்பிழம்புகள். இந்தக் கை யாருடையது என்று ஒருத்தி கேட்டிருந்தாள். எனக்கு இந்தக் கை வேண்டும் என்று இன்னொருத்தி. எடுத்துக்கொண்டு போங்கள் தாயே, எங்களுக்கு முன்பே கொண்டுபோயிருக்கலாம் என்று எழுதத் தொடங்கி அழித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருந்தேன். எங்கள் ஊர் அவிநாசிக்குப் பக்கம், தறி ஓடும் ஊர். முதலாளியின் தறிக் குடோனை ஒட்டியே எங்கள் வீடு. அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறார், அம்மா அதே குடோனில் நூல் சுற்றுகிறாள். தறி ஓடும்போது வீட்டுக்குள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்க வேண்டுமானால் காதருகே போய்க் கத்த வேண்டும். அம்மா அழுததைப் பற்றி அக்கம்பக்கத்தில் யாராவது பேச்செடுத்தால், தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லையே என்பார்கள். கேட்டிருக்காது, உண்மைதான். ஆனால் ஒன்றை நானும் தங்கச்சியும் தனித்தனியாகக் கவனித்து வைத்திருந்தோம். கரண்டு இல்லாத நாட்களில் அப்பா ஒருபோதும் அடித்ததில்லை. தறி நின்றால் ஊரே அமைதியாகிவிடும், ஒரு தட்டு விழுந்தாலும் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். அந்த நாட்களில் அவர் தங்கமான மனுசர், கதவோரம் உட்கார்ந்து எங்களுக்குக் கடலை உரித்துக் கொடுப்பார். ஏதோ கோபத்தில் தன்னை மறந்து கை நீட்டிவிட்டார் என்று யாராவது சொன்னால், அந்தக் கடலைதான் எனக்கு ஞாபகம் வரும். தன்னை மறந்தவருக்குத் தறி ஓடுகிறதா நிற்கிறதா என்று எப்படித் தெரியும்?

நான் வேலைக்குப் போன பிறகு அடி நின்றது. அவர் நிறுத்தினார் என்று சொல்ல மாட்டேன். நின்றது, அவ்வளவுதான்.

பக்கத்து மேசைப் பெண்மணியிடம் இரவல் வாங்கி வந்திருந்த புத்தகத்தைத் தங்கச்சியின் கணினி மேல் வைத்தேன். குடோனில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. எப்படி எடுத்தாய் என்று கத்திக் கேட்டேன். அவளும் கத்தித்தான் சொன்னாள், மறைக்கவில்லை. அப்பாவிடம் நூல் சுற்றிய ஒரு கோனைக் கொடுத்து, இதை இறுக்கப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், ஒரு போட்டோ வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அவரும் பிடித்திருக்கிறார். கோனை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கழுத்தை வைத்திருக்கிறாள். வெளிச்சம் குடோன் கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டிலிருந்து வந்தது. கரண்டு இல்லாத அன்றைக்குத்தான் எடுத்தேன் என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவரிடம் அந்தக் கையை நீட்டச் சொல்லி அவ்வளவு பக்கத்தில் நிற்பதற்கு அவள் வேறு எந்த நாளையும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டாள். அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை.

உலகத்தில் வேறு கையே கிடைக்கவில்லையா என்றேன். இணையத்தில் கிடைக்கிற கையெல்லாம் கிரீம் பூசின கை என்றாள். முகம் வைத்தால் அது அந்த ஒருத்தனின் கதை ஆகிவிடும், கை மட்டும் இருந்தால் படிக்கிறவள் தன் ஆளை வைத்துக்கொள்வாள் என்றாள். தொழில் பேசினாள். அழுத்துகிற கட்டைவிரல் எப்படி இருக்கும், அழுத்தாத கட்டைவிரல் எப்படி இருக்கும் என்று திரையைப் பெரிதாக்கிக் காட்டினாள். இதில் அழுத்தவில்லை, சும்மா வைத்திருக்கிறான், அதனால்தான் வாங்குகிறார்கள் என்றாள்.

பார்ப்பவர்களுக்கு அது தெரியுமா, இந்தக் கைக்கு ஊரெல்லாம் இதயம் போடுகிறார்களே என்று கேட்டேன். அவள் என் காதருகே வந்து சொன்னது இது.

"அவங்கவங்க ஊட்டுலயும் ஒரு கை இருக்கும்ணா. அத நேராப் பாக்க முடியுமா? இத எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாக்கலாம். பாத்துப்போட்டு, வேண்டாம்னா திருப்பிப் போட்டுட்டுப் போயிரலாம்."

எனக்கு இன்று வரை அந்தப் பதில் போதவில்லை. திருப்பிப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் எங்கே போகிறார்கள், மறுபடி அதே வீட்டுக்குத்தானே என்றேன். அம்மாவின் கழுத்தை விற்கிறாய் என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை, ஆனால் சொன்னேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. தறிகள் ஒவ்வொன்றாக மூச்சடங்கி நின்றன. அவள் கத்தியதின் கடைசிப் பாதி மட்டும் வீடு முழுக்கத் தெளிவாக விழுந்தது.

"அது அப்பா கைதான், போதுமா?"

அடுப்படி வாசலில் அம்மா நின்றிருந்தாள். கையில் கரண்டி. அவள் புத்தகத்தைப் பார்க்க வரவில்லை. குடோன் பக்கக் கதவு வழியாக அப்பா உள்ளே வந்தார்.

"என்ற கையா? எங்க, கொண்டா பாக்கலாம்."

பஞ்சுத் தூசி ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துவிட்டு அட்டையை வாங்கினார். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தன் கையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். விரல் நுனியைப் பார்த்துச் சிரித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது ஒன்று அசையும், அந்தப் பெண்ணின் கழுத்தைப் பார்த்த பிறகாவது முகத்தில் ஏதாவது கறுக்கும் என்று காத்திருந்தேன். அவர் கண் கழுத்துக்குப் போகவே இல்லை. கையை மட்டும்தான் பார்த்தார்.

இது என்ன கதை அம்மணி என்று கேட்டார். காதல் கதைங்கப்பா என்றாள் தங்கச்சி. பாருடா, என்ற கைக்கு வந்த வாழ்வ என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குக் கிளம்பினார். கரண்டு வரும்வரை அவருக்கு வேலையில்லை.

பேக்கரியில் அன்றைக்கு டீ குடித்த எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, மச்சான் கை சினிமாவுக்கே போகப் போகுது என்று சொல்லிச் சிரித்தாராம். இந்த மாமாவின் வீட்டுக்கு அம்மா ஒருமுறை எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். அவள் கழுத்தில் விரல் பதிந்த அடையாளம் இருந்தது. மாமா எங்களுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டு, ஆம்பளைன்னா கை நீளத்தான் செய்யும் என்று சொல்லி, அதே பொழுதில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். அவர்தான் இப்போது கையைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்து வந்தது மாரியம்மன் நோம்பி, எங்கள் ஊர்த் திருவிழா. எங்கள் பக்கம் நோம்பி என்றால் ஒவ்வொரு வீட்டாரும் கோயில் போகிற வழியில் பிளெக்ஸ் கட்டுவார்கள். அம்மன் ஒரு பக்கம், வீட்டில் யாருக்கு என்ன பெருமை வந்ததோ அது மறுபக்கம்: மகன் வாங்கிய கார், பேத்தி வாங்கிய மெடல். எங்கள் வீட்டில் இதுவரை கட்டியதில்லை. அன்று காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கோயில் திருப்பத்துக்கு வந்தபோதுதான் பார்த்தேன்.

அப்பா புத்தகத்தைப் பிளெக்ஸ் கடையில் கொடுத்து, என்ற மக செஞ்சது, பெருசா வெச்சுடுங்க என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரன் வைத்துவிட்டான். இடது பக்கம் அம்மன். வலது பக்கம் முழுக்க அந்தக் கை, ஒரு ஆள் உயரத்துக்கும் மேல், அந்தப் பெண்ணின் கழுத்தோடு. ஒரு நரம்பின் தடிமன் என் முழங்கை அளவு இருந்தது. அடியில் மஞ்சள் எழுத்தில், விழாவுக்கு வருகை தரும் அனைவரையும் இருகரம் கூப்பி வரவேற்கிறோம். அதற்கும் கீழே முட்டை வடிவத்தில் குடும்பத்துப் படங்கள்: கூலிங் கிளாஸ் போட்ட அப்பா, தங்கச்சி, நான், மாமா, மாமாவின் இரண்டு மகன்கள். அம்மாவின் படம் இல்லை.

ஊரில் ஒருவருக்கும் அதில் எதுவும் உறுத்தவில்லை. அம்மனுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் கழுத்து நெரிபடுகிறது, அதற்கு அடியில் நின்று மோர் குடிக்கிறார்கள். படம் நல்லா வந்திருக்குது என்றார்கள். கயிற்றை அறுத்துவிடலாம் என்று போனேன். தங்கச்சி வந்து என் சட்டையைப் பிடித்தாள். நான் செஞ்சது இத்துனூண்டு அட்டைண்ணா என்றாள். கையில் எடுத்துப் பார்க்கிற அளவுக்குத்தான் அவள் செய்தாள். அம்மா இதைப் பார்க்கக் கூடாது என்றேன். வேறு வழி இல்லை, மாவிளக்கு ஊர்வலம் இந்தத் திருப்பத்தைச் சுற்றித்தான் கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள். அவளை விலக்கிவிட்டுக் கயிற்றைப் பிடிப்பதற்குள் மேளம் நெருங்கிவிட்டது.

பெண்கள் தட்டத்தில் மாவிளக்கை ஏந்தி வரிசையாக வந்தார்கள். திருப்பத்தில் மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்தித் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். அப்பா பிளெக்ஸுக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியில் நின்றிருந்தார். மாமாவின் மூத்த மகன் போனைத் தூக்கிப் பிடித்து அப்பாவிடம், மாமா, கைய அதுக்கு ஒட்டி வெய்ங்க, ரண்டும் தெரியோணும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா கையை உயர்த்தி, விரல்களை விரித்து, படத்துக் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

அம்மா நின்றாள். அவளுக்குப் பின்னால் வரிசையே நின்றது. பக்கத்து வீட்டம்மா சந்தோசமாகச் சொன்னார், அக்கா, அது அண்ணன் கையாமுங்க, தெரியுதுங்களா.

அம்மா அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, அந்தக் கையைப் பார்க்க எழுத்துத் தேவையுமில்லை. கீழிருந்து மேலாக, விரல் விரலாகப் பார்த்தாள். பிறகு அப்பா பார்க்காத இடத்தை, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

"எனக்கு இந்தக் கை தெரியாதுங்களா. இந்தப் புள்ள கண்ணத் தொறந்து வெச்சிருக்குது. நான் மூடிக்குவேன்."

மேளம் இல்லாததால் எல்லோருக்கும் கேட்டது. பக்கத்து வீட்டம்மாவின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. மாவிளக்குத் திரி அணையாமல் இருக்க அம்மா ஒரு கையால் மறைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். வரிசையும் நடந்தது. சில பெண்கள் போகிற போக்கில் அண்ணாந்து, இப்போது புதிதாகப் பார்ப்பது போல் அந்தக் கழுத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி தன் கழுத்தில் கிடந்த மாலையைச் சரி செய்துகொண்டாள். அப்பாவின் கை உயர்த்திய இடத்திலேயே இருந்தது. போன் பிடித்தவன் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு படமும் எடுத்துவிட்டான். அதன் பிறகுதான் அப்பா கையை இறக்கி, தோள் துண்டுக்கு அடியில் செருகிக்கொண்டார்.

அது முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் சாப்பாட்டுக்கு ஒறம்பரைகள், சொந்தக்காரர்கள் எல்லோரும், உட்கார்ந்தபோது மாமா ஆரம்பித்தார். நோம்பி நாளும் அதுவுமா, நாலு பேர் முன்னால, கையில வெளக்க வெச்சுக்கிட்டுப் பேசற பேச்சா அது என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஊருக்கே அவமானம், அந்த மனுசன் இப்ப யாரை என்ன பண்ணுனார், பழசைக் கிளறுனா யாருக்கு லாபம், வயசான காலத்துல பொறுத்துப் போக வேண்டாமா. ஒருவர்கூட, அது உண்மையா என்று கேட்கவில்லை. கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மொத்தப் பந்தியும் அம்மாவின் வாயைப் பற்றித்தான் பேசியது. அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

படித்தவன், நிதானமாகப் பேச வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிதானம் வரவில்லை.

"அவங்க பேசுன நாளுதான் தப்புங்களா மாமா? அடிச்ச நாளக் கேளுங்க. கரண்டு இருந்த நாளாப் பாத்துத்தான் அடிச்சாரு. தறி நின்னா ஒரு நாளும் அடிக்கல. கேட்டுப்போடும்னு தெரியும் அவருக்கு."

அப்பா அதுவரைக்கும் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அப்போதுதான் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். நாங்கள் அதைக் கவனித்திருப்போம் என்று இத்தனை வருசத்தில் அவருக்குத் தோன்றியதே இல்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அவர் கேட்பார் என்று எதிர்பார்க்கிறவன் அல்ல நான். கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. மாமா மட்டும், சரி சரி, சாப்புடுங்க, பாயசம் ஆறுது என்றார். அவர் இலையில் பாயசம் விழவில்லை. அம்மா அவரைத் தாண்டி அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

அந்த நாவலுக்கு இரண்டாம் பாகம் வருகிறதாம். எழுதியவர் தங்கச்சியிடம் அதே கைதான் வேண்டும், வாசகிகள் கேட்கிறார்கள் என்றிருக்கிறார். அந்தக் கை இனிக் கிடைக்காது என்று பதில் எழுதிவிட்டாள். அட்டை செய்வதை அவள் விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. இப்போதும் கறுப்பும் சிவப்புமாகத்தான் செய்கிறாள், நாங்கள் இப்போதும் அதைப் பற்றிச் சண்டை போடுகிறோம். புத்தகத்தைப் பக்கத்து மேசைப் பெண்மணியிடம் திருப்பிக் கொடுத்தபோது, அந்த விரல் தறியில் போனது என்று மட்டும் சொன்னேன். அவர் அட்டையைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, பைக்குள் வைக்காமல் மேசை டிராயரில் வைத்து மூடினார். அவர் வீட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

நோம்பி முடிந்த மறுநாளே அப்பா பிளெக்ஸை அவிழ்த்துக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் ஊரில் பழைய பிளெக்ஸை யாரும் எறிய மாட்டார்கள். மாட்டுக் கொட்டகைக்கோ விறகுக்கோ மூட ஆகும். அவர் அதைக் கொல்லையில் விறகு அடுக்கின் மேல் போட்டு, நாலு மூலைக்கும் கல் வைத்தார். படம் உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம்.

அடுத்த வாரம் நான் ஊருக்குப் போனபோது அம்மா கல்லை எடுத்துக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு முனையைப் பிடி சாமி என்றாள். பிடித்தேன். இருவரும் அதைத் திருப்பிப் போட்டோம். அப்பா குடோன் கதவில் நின்று, எதுக்கு அது என்று கேட்டார். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது, அவர் கேட்டது அவர் வாயசைவில்தான் தெரிந்தது. அம்மாவும் கத்தித்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"அச்சடிச்ச பக்கம் மேல இருந்தாத்தான் தண்ணி எறங்காதுங்க."

நாலு மூலைக்கும் கல்லைத் திருப்பி வைத்தாள். கொல்லையைத் தாண்டித்தான் எல்லோரும் தண்ணிக் குழாய்க்குப் போகிறார்கள். போன வாரம் பார்த்தபோது வெயிலில் சிவப்பு வெளுத்துப்போயிருந்தது. கை இன்னும் தெரிகிறது.